ஷாத்தோ மார்கோவில் சிவப்பு ஒயின் எப்படித் தயாராகிறது?

கறுப்புத் திராட்சையைப் பிழிந்தாலும் சாறு வெளிறித்தானே இருக்கிறது, ஒயினுக்கு அந்த அடர்சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். தோலிலிருந்துதான். பிரான்சின் போர்தோ பகுதியில் உள்ள ஷாத்தோ மார்கோவை வைத்தே சொல்கிறேன். போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்த 1855 தரவரிசையில் முதல் தரம் பெற்ற ஒயின் பண்ணைகளில் அதுவும் ஒன்று.

அங்கே சரளைக்கல் நிலம். மழைநீர் தேங்காமல் வடிந்துவிடும், பகல் வெயிலைக் கற்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். தாமதமாகப் பழுக்கும் கபெர்னே சோவின்யோன் என்ற கறுப்புத் திராட்சை ரகத்துக்குத் தோதான மண். அறுவடை கையால்தான்.

காம்பு நீக்கிய பழங்கள் தோலும் விதையுமாகத் தொட்டிக்குள் போகும். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும்போது கரியமில வாயு கிளம்பித் தோல்களை மேலே தள்ளும். காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல, ஆனால் பல மடங்கு கனமாக, அவை மிதக்கும். கீழேயிருந்து சாற்றை இறைத்து அந்தத் தோல்கள்மேல் திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள். நிறமும் துவர்ப்பும் அப்படித்தான் சாற்றில் இறங்குகின்றன.

அப்புறம் 225 லிட்டர் ஓக் பீப்பாய்களில் ஒன்றரை முதல் இரண்டு வருடம். இதற்கிடையில் முட்டை வெள்ளைக்கருவை அடித்துக் கலப்பார்கள். அது முரட்டுத் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் வண்டலாகப் படிந்துவிடும். தெளிந்ததை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள்.

என்னைக் கேட்டால், அந்தப் பண்ணையின் உண்மையான கெட்டிக்காரத்தனம் கழிப்பதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத் துண்டின் ஒயினையும் தனித்தனியாக ருசி பார்த்துச் சேர்ப்பார்கள். தேறாதது எவ்வளவு நன்றாக இருந்தாலும் பண்ணையின் பெயரில் வரும் முதல் ஒயினில் சேராது. 'பாவியோன் ரூஜ்' என்ற இரண்டாம் ஒயினுக்கோ, அதற்கும் கீழேயோ போய்விடும்.