சாதி தடையில்லை, அடைப்புக்குறிக்குள் ஒரு வரி

"ஊருக்கெல்லாம் நல்லது சொல்பவர்கள் தங்கள் வீட்டில் மட்டும் அதைக் கடைப்பிடிக்காதது ஏன்? எல்லாம் நடிப்புதானா?" என்பது கேள்வி.

நடிப்பு என்று சொல்லிவிட்டால் நமக்கு வசதி. நடிக்கிறவர் கெட்டவர், அவரைக் கண்டுபிடித்துவிட்ட நாம் நல்லவர், கதை முடிந்தது. ஆனால் நான் நெருங்கிப் பார்த்த உபதேசிகளில் நடிகர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் தாங்கள் சொல்வதை முழுமனதாக நம்புகிறவர்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. பொய் சொல்கிறவனுக்குத் தான் பொய் சொல்வதாவது தெரியும். இவர்களுக்கோ பேசி முடித்ததுமே செய்து முடித்த நிறைவு வந்துவிடுகிறது.

வாய்மை, கொல்லாமை, கள்ளுண்ணாமை என்று நம்மிடம் உபதேசங்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றையும் தொட்டால் எதையும் சொன்னதாக ஆகாது. எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: சாதி.

தமிழ்நாட்டில் என் தலைமுறையில் அரசுப் பாடநூலைப் பிரித்தவர்களுக்கு மூன்று வரிகள் மனப்பாடம். தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல். கணக்குப் புத்தகமானாலும் அறிவியல் புத்தகமானாலும் பாடம் தொடங்கும் முன் இது நிற்கும். பின்னால் வந்த புத்தகங்களில் ஒரே வரியாகச் சுருங்கிவிட்டாலும் இன்னும் இருக்கிறது. உலகத்தில் இவ்வளவு விடாப்பிடியாக, இவ்வளவு பிரதிகளில் அச்சடித்துச் சொல்லப்பட்ட நீதி அதிகம் இருக்காது.

அதே புத்தகப் பையைச் சுமந்த கையில்தான் கயிறும் இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று யார் எந்தச் சாதி என்பதைத் தூரத்திலிருந்தே காட்டும் கயிறு. இதைத் தடுக்கச் சொல்லி 2019-இல் பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு எழுந்தது. தனக்குத் தெரியாமல் போன சுற்றறிக்கை என்றும், பழைய நடைமுறையே தொடரும் என்றும் துறை அமைச்சரே சொன்னார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சாதி மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மறுபடியும் அந்தக் கயிற்றைக் கழற்றச் சொல்ல வேண்டியிருந்தது. வெட்டிய பிள்ளைகளுக்கு அந்தப் பாடநூல் வாசகம் தெரியாது என்று யாராவது சொல்வீர்களா?

இப்போது வீட்டுக்கு வருகிறேன்.

என் பெரியப்பா தமிழாசிரியர், ஓய்வு பெற்று நெடுநாளாகிறது. எங்கள் பக்கத்துப் பள்ளிகளின் பேச்சுப் போட்டிகளில் சாதி ஒழிப்பு என்று தலைப்பு வந்தால், பரிசு எந்தப் பிள்ளைக்குப் போனாலும் பேச்சு பெரியப்பா எழுதியதாகத்தான் இருக்கும். எனக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். "இந்த இடத்தில் குரலை இறக்கு. அடுத்த வரியில் கையை நீட்டாதே, முன்வரிசையில் இருப்பவர் முகத்தைப் பார்" என்று வரிவரியாகப் பயிற்சி நடக்கும். சொல்லிக் கொடுக்கும்போதே அவருக்குக் கண் கலங்கும். அதில் துளியும் போலி இல்லை. காலனியிலிருந்து வந்து படித்த பிள்ளைகளுக்குத் தன் சம்பளத்தில் தேர்வுக் கட்டணம் கட்டியவர் அவர். அவர்களில் சிலர் இன்றைக்கும் பொங்கலுக்கு வந்து காலில் விழுந்து கும்பிட்டுப் போகிறார்கள்.

அவருடைய மகளுக்கு வரன் பார்க்கும் காலம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் கொடுப்பதற்கான விளம்பரத்தை வெள்ளைத்தாளில் முத்து முத்தான எழுத்தில் எழுதி, பிழை இருக்கிறதா பார் என்று என்னிடம் நீட்டினார். படிப்பு, வயது, நட்சத்திரம், எதிர்பார்ப்பு எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசி வரி: "சாதி தடையில்லை (எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக)."

பிழை ஒன்றும் இல்லை. சந்திப்பிழை கூட இல்லை.

"பெரியப்பா, அடைப்புக்குறிக்குள் இருப்பது வேண்டுமா?" என்று கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மிகவும் பரிவாகச் சொன்னார்: "நாளைக்கு அந்தப் பிள்ளைகள் போன் செய்து, நாம் மறுத்து, அவர்கள் மனம் புண்பட வேண்டுமா? முதலிலேயே சொல்லிவிடுவதுதானே நாகரிகம்."

எனக்குப் பேச்சே எழவில்லை. ஒருவரை விலக்கும் வரியை அவருடைய மனம் நோகக் கூடாது என்பதற்காகவே எழுதியதாக நம்புகிறவரிடம் எந்த நீதியைக் கொண்டுபோய்ச் சொல்வது? சமத்துவத்தைப் பற்றி அவர் அறியாத வாதம் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் எழுதிக் கொடுத்ததுதான். (மாப்பிள்ளை கடைசியில் எங்கள் சாதி, எங்கள் உட்பிரிவு, எங்கள் பக்கத்து ஊர். ‘தடையில்லை’ என்பதற்கு வேலையே வரவில்லை.)

அந்த வாசகம் பெரியப்பாவின் சொந்தச் சரக்கு இல்லை. மணமக்கள் தேவை பக்கத்தைப் புரட்டியவர்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். உபதேசம் எப்போதும் பொதுவாக இருக்கிறது. அதில் யார் பெயரும், எந்த வீட்டு முகவரியும் இருப்பதில்லை. நடைமுறைக்கு வரும்போதுதான் அடைப்புக்குறி போட வேண்டியிருக்கிறது.

இது என் குடும்பக் கதை மட்டுமே என்று நினைத்தால் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2011-12-இல் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வுக்காக நாடு முழுவதும் 42,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சந்தித்தார்கள். உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா என்பது முதல் கேள்வி. இல்லை என்றவர்களிடம் இரண்டாவது கேள்வி: பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ உங்கள் பாத்திரத்தைப் பயன்படுத்தினாலோ பரவாயில்லையா? இரண்டு கேள்விகளிலும் சேர்த்து ஏறத்தாழ 27 சதவீதக் குடும்பங்கள் சிக்கின. அந்த இரண்டாவது கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்று நினைத்தவரை எனக்கு மிகவும் பிடிக்கிறது. தீண்டாமை என்றால் எல்லாருக்கும் பாவம்தான். சமையலறை என்றால்தான் யோசனை வருகிறது. இத்தனைக்கும் அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

செலவில்லாத சமத்துவத்தை நாம் நன்றாகவே கடைப்பிடிக்கிறோம், அதையும் சொல்லத்தான் வேண்டும். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் அது பலித்தது. மற்ற மாநிலத்தார் பெயருக்குப் பின்னால் சாதியைச் சுமந்து திரியும்போது நாம் அப்பாவின் முதலெழுத்தோடு நிற்கிறோம். இதில் எனக்கும் பெருமைதான். ஆனால் பெயரிலிருந்து உதிர்ந்தது ஜாதகக் கட்டோடும் திருமணத் தகவல் மையப் பதிவோடும் பத்திரமாக இருக்கிறது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், "சைவமா, அசைவமா?" என்று தொடங்கி, "சொந்த ஊரில் எந்தத் தெரு?" என்று இரண்டு நிமிடத்தில் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

பெயர் என்றதும் 1997 நினைவுக்கு வருகிறது. தென்மாவட்டத்தில் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தில் பிறந்தவர், கட்டபொம்மனின் படையில் நின்று உயிர் விட்டவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு தரப்பார் கிளம்ப, கலவரம் வெடித்து உயிர்கள் போயின. கட்டபொம்மனைக் கொண்டாடத் தெரிந்தவர்களுக்கு அவருடைய தளபதியின் பெயர் கசந்தது. அரசு கண்ட தீர்வு என்ன தெரியுமா? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலும் மாவட்டங்களிலும் இருந்த தலைவர்கள் பெயர்களை ஒட்டுமொத்தமாக நீக்கிவிட்டார்கள். இன்று நாம் ஏறும் பஸ்ஸில் வெறும் ஊர்ப்பெயர் இருப்பதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது.

சரி, சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளி குறைந்ததே இல்லையா என்றால், குறைந்திருக்கிறது. எங்கே குறைந்தது என்று பார்த்தால் அங்கே நல்லவர்களின் பேச்சைவிட வேறொன்று வேலை செய்திருப்பது தெரிகிறது.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு வைத்தியநாதய்யர் நுழைந்தார். கோயில் நுழைவு பற்றிக் கூட்டம் போட்டுப் பேசியவர்கள் அதற்கு முன்பும் ஏராளம். அய்யர் உள்ளே போனார். சொந்தச் சாதியாரின் வசையையும் விலக்கையும் தாங்கிக்கொண்டார். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு ஒத்துழைத்தார். நுழைந்தவர்கள் மீதும் அனுமதித்தவர்கள் மீதும் வழக்கு பாயாமலிருக்க ராஜாஜியின் அரசு உடனே சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. ஒருவர் விலை கொடுத்தார், ஓர் அதிகாரி கதவைத் திறந்து வைத்தார், ஒரு சட்டம் பின்னால் வந்து நின்றது. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அது ஒருநாள் பரபரப்போடு போயிருக்கும்.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளையும் பாருங்கள். 1996-இல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கே தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை. மனு தாக்கல் செய்ய ஆள் வராது. வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. சென்னையில் கட்சி வேறுபாடின்றிச் சமத்துவம் பேசிய அதே பத்து ஆண்டுகள் அவை. 2006 அக்டோபரில் மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராக உட்கார்ந்து பேசி, பாதுகாப்புக் கொடுத்து, தேர்தலை நடத்தி முடித்தது. அந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் ஒரே இரவில் மனம் மாறிவிட்டார்களா என்று கேட்டால், மாறியிருக்க மாட்டார்கள். தலைவர் நாற்காலியில் ஆள் உட்கார்ந்தார். முதலில் அது நடக்க வேண்டும், மனம் மெதுவாக வரட்டும்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க வந்த பட்டியல் சாதிப் பெண்ணை வேண்டாம் என்று பெற்றோர்களில் ஒரு பகுதியினர் மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்த காரியம், அவரையே இடமாற்றம் செய்தது. பிரச்சினை வரக் கூடாதாம்! போராட்டம் வந்த பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, வழக்கும் பதிவானது. மறித்த பெற்றோர்களும் அரசுப் பள்ளியில் அந்த மூன்று வரியைப் படித்து வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

அப்படியானால் போதனையே வீண், அந்த வரிகளைக் கிழித்துப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். இங்கேதான் நான் ஒத்துப்போக மாட்டேன். ‘முதலில் நீ திருந்து, பிறகு பேசு’ என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் அது எல்லாருடைய வாயையும் அடைக்கத்தான் உதவும். பெரியப்பா எழுதிக் கொடுத்த பேச்சு பெரியப்பாவைத் திருத்தவில்லை. ஆனால் அதை மேடையில் பேசிய பிள்ளைகளில் சிலர் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த விளம்பரத்தைப் படித்ததும் எனக்கு உறுத்தியது என்றால், உறுத்தக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

இன்னொரு பயனும் இருக்கிறது, அது இதைவிடப் பெரியது. ஊரறிய ஒப்புக்கொண்ட நீதியை மீறுகிறவன் ஒளிந்து மீற வேண்டியிருக்கிறது. பிடிபட்டால், ‘ஆமாம், அப்படித்தான்’ என்று நெஞ்சை நிமிர்த்த முடியாது, சாக்குச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குப் பிடித்துக்கொள்ள அந்த ஒரு பிடியாவது கிடைக்கிறது.

2020 சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரான பட்டியல் சாதிப் பெண்மணிக்குக் கொடியேற்ற அனுமதி மறுக்கப்பட்டது. செய்தி வெளியே வந்தது. அவர் கொடியேற்றக் கூடாது என்று காமிராவுக்கு முன்னால் வாதாட ஓர் ஆள் கூட வரவில்லை. மறுத்தவர்களுக்கும் வாசகம் தெரியும் அல்லவா? சில நாட்களில் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்து நிற்க, அந்த அம்மா கொடியேற்றினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, விடுதலையின் 75 ஆண்டு நிறைவுக்கு முன்னால், ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடு இல்லாமல் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று எல்லா ஆட்சியர்களுக்கும் தலைமைச் செயலாளர் கடிதம் எழுதினார். கேலியாகச் சொல்லவில்லை, எனக்கு அந்தக் கடிதம் பிடித்திருந்தது. தீண்டாமை பாவம் என்று அதில் உபதேசம் செய்து நிறுத்திக்கொள்ளவில்லை. யார், எந்த இடத்தில், எந்த நாளில், என்ன செய்ய வேண்டும் என்று இருந்தது.