வாசகர் கேள்வி – பதில்: புறப்படுமுன் பிடிக்க வேண்டும்

கேள்வி: மீன்பிடி அளவைக் குறைத்தாலும் புதிய விதி வந்தாலும் ஐரோப்பிய அமைச்சர்கள் "பிரசல்ஸ் முடிவு" என்று கைவிரிக்கிறார்களாமே? அங்கே இவர்கள் என்ன பேசினார்கள் என்று சொந்த நாட்டில் யார் கேட்பது? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: அந்தக் கைவிரிப்பில் பாதி பொய். ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரசல்ஸில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுப்பவர்களே இந்த அமைச்சர்கள்தான். திரும்பி வந்தபின் பிடித்தால் சாக்குதான் கிடைக்கும். புறப்படுமுன் பிடிக்க வேண்டும்.

நான் வாழும் டென்மார்க் 1973 ஜனவரியில், இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. மார்ச் முடிவதற்குள், ஐரோப்பிய விவகாரங்களைக் கவனிக்கும் பாராளுமன்றக் குழு கடிவாளத்தைத் தயார்செய்துவிட்டது. முக்கியமான பேச்சுவார்த்தைக்குப் போகும் அமைச்சர், முதலில் குழுவின் முன் வந்து தன் நிலைப்பாட்டைச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும். காலைத் தேநீரோடு அந்த ஒளிபரப்பைப் பார்ப்பது என் வழக்கம். இதைவிட மெகா தொடர் மேல் என்பது வீட்டாரின் தீர்ப்பு.

குழுவில் 17 பேர். ஆனால் எண்ணப்படுவது 17 கைகள் அல்ல. ஒரு கட்சிக்காரர் வாய் திறந்தால், சபையில் அவர் கட்சிக்குள்ள இடங்கள் அத்தனையும் அவர் பின்னால் நிற்கும். மொத்தம் 179. எதிர்ப்பு 90-ஐத் தொடாவிட்டால், "எதிராகப் பெரும்பான்மை இல்லை" என்று தலைவர் முடித்துவைப்பார். யார் ஆதரித்தார்கள் என்ற கணக்கே கிடையாது. சிறுபான்மை அரசுகளுக்குப் பழகிய நாடு இது. 90 பேர் எதிராகச் சேர்வது பெரிய காரியமல்ல. அதனால் அமைச்சர் வளைந்துகொடுக்கும் மனத்தோடுதான் உள்ளே வருகிறார்.

நிலைப்பாட்டை எழுத்தில் தராமல் வாயால் சொல்வதற்குக் காரணம் உங்கள் ஊர் மீன் ஏலத்திலேயே இருக்கிறது. எதுவரை போவேன் என்பதை முன்கூட்டியே எழுதிக் காட்டிவிட்டு யாராவது ஏலம் கேட்பார்களா?

குறையும் உண்டு. அமைச்சர் அனுமதி கேட்டு வரும் நேரத்தில், அதிகாரிகள் பிரசல்ஸில் முக்கால்வாசி விஷயத்தைப் பேசி முடித்திருப்பார்கள். அந்த அறைகளுக்குள் என் தேநீர்க் கோப்பை நுழைய முடியாது.

கேள்வி: சொந்த அரசுக்கு விருப்பமில்லாமல் ஓர் அமைச்சர் அங்கே வாக்களித்துவிட்டால்? (கோவை வாசகி)

பதில்: நடந்தே இருக்கிறது. 2024 ஜூன் 17, லக்சம்பர்க்கில் ஒன்றிய அமைச்சர்கள் கூட்டம். சீரழிந்த இயற்கைப் பகுதிகளை மீட்கச் சொல்லும் ஒன்றியத்தின் இயற்கை மீட்புச் சட்டத்துக்கு ஆஸ்திரியாவின் பசுமைக் கட்சி அமைச்சர் லியோனோரே கெவெஸ்லர் ஆதரவாக வாக்களித்தார்; அவருடைய பிரதமர் கார்ல் நேஹம்மர் வேண்டாம் என்றிருந்தார். தேவை, குறைந்தது 65 சதவீத மக்கள்தொகைக்குரிய நாடுகளின் ஆதரவு. கிடைத்தது 66.07. ஆஸ்திரியா ஆதரிக்காமல் ஒதுங்கியிருந்தால் சட்டம் விழுந்திருக்கும். பிரதமரின் கட்சி அதிகார துஷ்பிரயோகம் என்று புகார் கொடுத்தது. வாக்கு வாக்காகவே நின்றது.

டென்மார்க்கிலும் குழுவின் அனுமதி சட்டக் கட்டு அல்ல, அரசியல் கட்டுத்தான். அதற்காக இலேசாக எண்ணிவிடாதீர்கள்; சபையிடம் உண்மையாக நடக்காதவருக்குப் பதவியே போகும். இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்பங்கள் இங்கே வந்து சேர்வதை நீதி அமைச்சர் சட்டத்துக்குப் புறம்பாக இழுத்தடித்த விவகாரத்தில், "கம்பளத்துக்கடியில் எதையும் கூட்டித் தள்ளவில்லை" என்று 1989-இல் சபையில் சொன்னார் பிரதமர் பௌல் ஷ்லூட்டர். அந்தப் பேச்சு சபையைத் தவறாக நம்பவைத்தது என்று 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை வந்தது. அவர் பதவி விலகினார்.