ரெட் டாட் சைட் குறிபார்ப்பதை எப்படி எளிதாக்குகிறது?
ரெட் டாட் சைட் என்பது, துப்பாக்கியின் மேல் பொருத்திய சிறு கண்ணாடியில் சிவப்புப் புள்ளி ஒன்றைக் காட்டும் கருவி. அது இல்லாவிட்டால் துப்பாக்கியின் மேல் பின்னாலும் முன்னாலும் இருக்கும் பின்குறி, முன்குறி, அவற்றோடு இலக்கு என மூன்றையும் நேர்கோட்டில் நிறுத்த வேண்டும். கண்ணோ ஒரு சமயத்தில் ஒரு தொலைவைத்தான் தெளிவாகக் காணும் என்பதால், ஏதேனும் ஒன்று மங்கிவிடும். ரெட் டாட் சைட்டில் எல்இடி விளக்கின் ஒளி, வளைந்த கண்ணாடியில் பட்டு இணைகதிர்களாகத் திரும்புவதால், புள்ளி வெகுதொலைவில் இருப்பதுபோலத் தோன்றுகிறது. இலக்கை மட்டும் பார்த்தால் போதும். நாம் நடக்கும்போது நிலாவும் கூடவே வருவதைப்போல, தலை சற்று நகர்ந்தாலும் புள்ளி பெரும்பாலும் இலக்கின் மேலேயே நிற்கும். ரைஃபிளில் கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் பதிவதால் புள்ளி உடனே அகப்படும். கைத்துப்பாக்கியிலோ மணிக்கட்டு சிறிது சாய்ந்தாலே அது கண்ணாடியை விட்டு மறைந்துவிடும் (புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்). பலர் நினைப்பதுபோல இது லேசர் அன்று. இலக்கின் மீது எந்தப் புள்ளியும் விழுவதில்லை, குறிபார்ப்பவரின் கண்ணுக்கு மட்டுமே அது தெரியும்.