ஈர்ப்பா, கனமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சேலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழி மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். பள்ளிக்கென ஒரு கலைச்சொல் பட்டியல் தொகுத்து வருகிறேன். அதற்காகத் தேடியபோது, பாரிஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய ஈரானிய வானியலாளர் ஒருவர் ஆங்கிலம், பிரெஞ்சு, பாரசீகம் மூன்றையும் அருகருகே வைத்துத் தொகுத்த சொல்லகராதி கிடைத்தது. அதைப் பார்த்த என் மாணவன் ஒருவன், "கிராவிட்டிக்கு அவர்களெல்லாம் கனம் என்று பொருள்படும் சொல்லை வைத்திருக்க, நாம் மட்டும் ஏன் ஈர்ப்பு என்கிறோம்? நம்முடையது தவறான மொழிபெயர்ப்பா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று வரையறுத்துவிட்டால் இந்தக் குழப்பமெல்லாம் தீர்ந்துவிடாதா? பாரசீகமும் பிரெஞ்சும் சேலத்து மாணவனுக்கு எதற்கு?

ஓர் இயற்பியல் ஆசிரியை, சேலம்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாசில்தார், ஜமாபந்தி, கஜானா, தஸ்தாவேஜு என்று பாரசீகத்தின் வழியாக வந்த சொற்களைச் சொல்லாமல் சேலத்தில் எவரும் ஒரு பட்டா மாற்றிவிட முடியாது. பிரெஞ்சு பேசியவர்கள் புதுச்சேரியில் இருந்தார்கள். 1769இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண அங்கே காத்திருந்து, அந்த நாளில் மேகம் மூடியதால் ஒன்றும் காணாமற்போன லெ ஜாந்தீ என்ற வானியலாளர், கிரகணம் கணிக்கும் முறையை அவ்வூர்த் தமிழர்களிடம் கற்று, தம் நாட்டார்க்குப் பிரெஞ்சில் எழுதினார். ஆகவே இரண்டும் நமக்கு அயல்தான், ஆனால் அறிமுகமில்லாதவை அல்ல.

இனி உங்கள் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி அது, பாதி சரி. ஆங்கிலத்தின் கிராவிட்டி லத்தீன் மொழியின் 'கிராவிஸ்' என்ற சொல்லிலிருந்து வருகிறது. அதன் பொருள் கனமானது என்பதே. பாரசீகத்தின் 'கெரானெஷ்' என்ற சொல்லிலும் கனம் என்று பொருள்படும் 'கெரான்' இருக்கிறது. (விலை அதிகம் என்பதற்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள், சந்தைக்குப் போய்வந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.) சமஸ்கிருதத்தின் 'குரு' இவ்விரண்டுக்கும் உடன்பிறப்பு. தாளத்தில் லகு, குரு என்று சொல்லும்போது அங்கே குரு என்பது கனத்தைத்தான் குறிக்கிறது. பிரெஞ்சில் கூடுதலாக 'பெசாந்தேர்' என்றொரு சொல் உண்டு. அது நிறுத்தல், எடையிடுதல் என்ற வினையிலிருந்து பிறந்தது.

மாணவன் சொன்னதில் சரியல்லாத பாதி எதுவென்றால், இழுத்தல் என்ற பொருளுள்ள சொல்லும் அவர்களிடம் இருக்கிறது. ஈரானில் வழக்கில் 'ஜாஸெபெ' என்பார்கள். இழுப்பது என்று பொருள்படும் அரபு வேரிலிருந்து வந்தது. நம்முடைய ஈர்ப்பு அதற்குப் பக்கத்தில் உட்காரும் சொல். ஆகவே நம்முடையது தவறான மொழிபெயர்ப்பு அல்ல. வேறொரு சொல்லின் சரியான மொழிபெயர்ப்பு.

ஆனால் இரண்டும் ஒன்றே என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. கனம் என்பது கையில் உணர்வது. கல்லைத் தூக்கினால் கனக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் உறுதிசொல்வதில்லை. ஈர்ப்பு என்பதோ அந்தக் கனத்துக்குக் காரணம் சொல்லிவிடுகிறது. புவி இழுக்கிறது, ஆகவே கனக்கிறது. நியூட்டனின் கணக்குக்கு அது பொருந்தும். 1915இல் ஐன்ஸ்டைன் வந்து, இங்கே இழுப்பவர் எவருமில்லை, காலவெளியின் வளைவில் பொருள்கள் தம் வழியே செல்கின்றன என்றபோது, கனம் என்ற சொல்லுக்கு ஒரு சேதமும் இல்லை. ஈர்ப்பு என்ற சொல்தான் பழைய கொள்கையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அதற்காக அதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், ஊன்றிவிட்ட சொல் அது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் போகிறவனுக்கு அந்தச் சொல்லுக்குள் ஒரு கொள்கை ஒளிந்திருக்கிறது என்பதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

பெசாந்தேருக்கு இன்னொரு பயனும் உண்டு. பிரெஞ்சு இயற்பியலில் அது புவியின் மேல் ஒரு பொருள் காட்டும் கனம். புவி சுழல்வதால் வரும் குறைவும் அதில் அடங்கிவிடும். துருவத்தில் விழும் பொருளின் முடுக்கம் விநாடிக்கு விநாடி ஏறத்தாழ 9.83 மீட்டர், நடுக்கோட்டில் 9.78, இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி சுழற்சியால் வருவது. பொருளும் பொருளும் ஒன்றையொன்று ஈர்ப்பதற்கு அவர்கள் 'கிராவித்தாசியோன்' என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். ஆகவே விண்வெளி வீரர் மிதப்பதை 'அபெசாந்தேர்', அதாவது கனமற்ற நிலை என்று சொல்லும்போது அங்கே புவியின் ஈர்ப்பு இல்லை என்ற பொருள் வருவதில்லை. நம் செய்தித்தாள்கள் "ஈர்ப்பு விசை இல்லாத விண்வெளியில்" என்று எழுதிக்கொண்டே இருக்கின்றன. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் தரையிலுள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. எடையின்மை என்ற நல்ல சொல் நம்மிடமே இருந்தும் எடுத்து ஆள்வாரில்லை.

இப்போது கோள் என்ற சொல்லைப் பாருங்கள். பிரெஞ்சின் 'ப்ளானெத்' கிரேக்கத்தில் அலைபவன் என்று பொருள்பட்டது. பாரசீகர் அரபியிலிருந்து எடுத்துக்கொண்ட 'சய்யாரெ' பயணம் செய்வது. இருவரும் வானத்தில் நகர்ச்சியைப் பார்த்திருக்கிறார்கள். நாமோ பிடிப்பதைப் பார்த்தோம். கிரகம் என்றால் பற்றுவது. கோள் என்பதும் கொள் என்ற வினையிலிருந்து வந்ததே. "சனி பிடித்துவிட்டது" என்று சேலத்து வீடுகளில் இன்றும் சொல்வதில் அந்தச் சொல்லின் முழுப்பொருளும் உயிரோடு இருக்கிறது. கிரகணத்துக்கு வந்தால் பாரசீகம் நம்மோடு சேர்ந்துகொள்கிறது. சந்திர கிரகணத்துக்கு அவர்கள் சொல்லும் 'மாஹ்-கெரெஃப்தெகி' நிலா பிடிபட்டிருத்தல் என்று பொருள்படும். அதிலுள்ள 'கெரெஃப்தன்' என்ற வினையும் நம் கிரகணத்தின் சமஸ்கிருத வேரும் ஒரே மூலத்தவை. வள்ளுவர் 'திங்களைப் பாம்புகொண் டற்று' என்று எழுதியதிலும் அதே கொள்ளுதல்தான். பிரெஞ்சின் 'எக்லிப்ஸ்' மட்டும் தனித்து நிற்கிறது. அதன் கிரேக்க மூலத்துக்குக் கைவிட்டுப் போதல், தவறிப்போதல் என்று பொருள். வானத்தில் ஒன்று காணாமற்போனபோது, நாம் யார் எடுத்தது என்று கேட்டிருக்கிறோம். கிரேக்கர் எங்கே போயிற்று என்று கேட்டிருக்கிறார்கள்.

நிறமாலையைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. நியூட்டன் 1672இல் முப்பட்டகத்தின் வழியே சுவரில் விழுந்த வண்ணப்பட்டைக்கு ஸ்பெக்ட்ரம் என்று பெயரிட்டபோது, அது தோற்றம், உரு என்று பொருள்பட்ட லத்தீன் சொல். பிரெஞ்சில் இன்றும் 'ஸ்பெக்த்ர்' என்றால் நிறமாலை, பேய் இரண்டும்தான். பாரசீகர் ஆளும் 'தெய்ஃப்' அரபியில் கனவில் வந்துபோகும் உருவத்தைக் குறித்த சொல். தமிழ்தான் பேயை ஓட்டிவிட்டு மாலை கட்டியது. அழகான சொல், ஆனால் நிறத்தை உள்ளே வைத்துக் கட்டிவிட்டோம். ரேடியோ அலைக்கும் எக்ஸ் கதிருக்கும் ஏது நிறம்? இலங்கைத் தமிழர்கள் திருசியம் என்றார்கள், அதாவது காணப்படுவது. மூலத்துக்கு அது நெருக்கம். என் காதுக்கு நிறமாலையே இனிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கருந்துளையில் நம்மைவிடப் பாரசீகர் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய 'சியாஹ்-சாலெ' என்பது கருங்குழி. அதற்கு நெருங்கிய 'சியாஹ்-சால்' பாதாளச் சிறையைக் குறிக்கும். துளை என்றால் மறுபக்கம் போகலாம். மாணவர்கள் அதைச் சுரங்கப்பாதைபோல வரைவதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பால்வீதியிலும் அப்படித்தான். விண்மீன் திரளுக்கு அவர்கள் சொல்லும் 'கஹ்கஷான்' வைக்கோல் இழுத்துச் செல்வது என்று விரியும். ஆத்தூர்ச் சாலையில் வைக்கோல் வண்டி போன தடத்தைப் பார்த்த பிள்ளைக்கு, ஏற்காட்டில் விளக்குகளை விட்டு விலகி நின்று அந்த வெண்பட்டையைக் காட்டும்போது, பாலைவிட வைக்கோல் உடனே புரியும்.

ஒன்றுக்கு ஒன்று என்ற உங்கள் யோசனைக்கு எதிராகத்தான் இவ்வளவும் சொன்னேன். ஆங்கிலச் சொல் ஒன்றை மட்டும் எதிரில் வைத்து மொழிபெயர்த்தால், அந்த மொழி எடுத்த தற்செயலான முடிவையும் பொருளோடு சேர்த்து எடுத்துவருவோம். இன்னும் இரண்டு மொழிகளைப் பக்கத்தில் வைத்தால்தான் எது பொருள், எது அவர்களின் வழக்கம் என்று பிரித்துக் காண முடிகிறது. ஈரானியர்கள் 1935இல் தொடங்கிய மொழிக் கழகத்தின் வழியே சொந்தச் சொற்களைப் பெருக்கினார்கள். ஆனாலும் விசைக்கு 'நீரூ' என்று தம் சொல்லை ஆண்டுகொண்டே, ஆற்றலுக்குப் பிரெஞ்சிலிருந்து வந்த 'எனெர்ஜி'யை, அந்த உரசும் ஜகரத்தோடு, அப்படியே வைத்துக்கொண்டார்கள். அங்கேயும் ஒரே விதி செல்லவில்லை.

தமிழுக்குள்ளேயேகூட அது செல்லாது. இங்கே நிறை, எடை என்று நாம் பிரித்துக் கற்பிப்பதை யாழ்ப்பாணத்து ஆசிரியர் திணிவு, நிறை என்று கற்பிக்கிறார். நிறை என்ற அதே சொல் அவருக்கு நம் எடையைக் குறிக்கிறது. உங்கள் மாணவன் இலங்கைப் பாடநூல் ஒன்றைக் கையில் எடுத்தால் கணக்கு முழுவதும் தவறாகப்படும். ஆகவே பட்டியலில் சொல்லுக்குப் பக்கத்தில் அது எதைப் பார்த்து வந்தது என்று ஒரு வரி எழுத இடம் விடுங்கள். முடிந்ததும் எனக்கொரு படி அனுப்புங்கள்; நிறைக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பேன்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து