தேர்வானது வேறு, தொகை வந்து சேர்வது வேறு: அறிவியல், தொழில்நுட்ப மாணவர்களின் உதவித்தொகைக் கேள்விகள்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில், உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டவர்களைவிட, தேர்வான பிறகும் பணம் வரவில்லையே என்று கேட்டவர்களே அதிகம். ஆகவே இம்முறை அத்தகைய கேள்விகளுக்கே முதலிடம் தந்திருக்கிறேன்.

என் மகள் வேதிப் பொறியியல் முதலாண்டு படிக்கிறாள். தொழில்நுட்பக் கல்வி பயிலும் மாணவிகளுக்கான பிரகதி உதவித்தொகைக்குத் தேர்வாகிவிட்டாள். உடன் தேர்வான தோழிக்குப் பணம் வந்துவிட்டது, இவளுக்கு வரவில்லை. வங்கியில் கேட்டால் ஆதார் இணைந்தே இருக்கிறது என்கிறார்கள். (திருவொற்றியூர் வாசகி)

வங்கியில் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது தங்கள் கேள்விக்கான பதிலன்று. ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருப்பதில் இரண்டு நிலைகள் உண்டு. அடையாளச் சான்றாக ஆதார் எண்ணைக் கணக்கில் பதிவு செய்திருப்பது ஒன்று. அரசு மானியங்கள் இந்தக் கணக்குக்கே வரட்டும் என்று வாடிக்கையாளர் தனியாக ஒப்புதல் தந்து, அதனைத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் (என்.பி.சி.ஐ.) பட்டியலில் வங்கி ஏற்றியிருப்பது மற்றொன்று. பிரகதி போன்ற திட்டங்களின் தொகை இந்த இரண்டாவது வழியில்தான் வருகிறது. அந்தப் பட்டியலில் ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரே ஒரு கணக்குதான் நடப்பில் இருக்கும். கடைசியாக எந்த வங்கியில் ஒப்புதல் தந்தீர்களோ அதுவே அந்தக் கணக்கு.

நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பள்ளியில் படித்தபோது அரசு உதவிக்காக ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கியிருப்பார்கள், கல்லூரியில் சேர்ந்ததும் வேறொரு வங்கியில் புதிதாக ஒன்று தொடங்குவார்கள், பட்டியலில் மட்டும் பழைய கணக்கே இருக்கும். ஆகவே முதலில் அந்தப் பழைய கணக்குப் புத்தகத்தைத் தேடியெடுத்துப் பதிவு செய்து பாருங்கள். பணம் அங்கே வந்து கிடக்கலாம். மைனராக இருந்தபோது தொடங்கிய கணக்கு என்றால், 18 வயது நிறைந்த பின் புதிய கையொப்பமும் ஆவணங்களும் தந்து அதனைப் புதுப்பித்திருக்க வேண்டும். இல்லையெனில் அக்கணக்கு முடங்கியிருக்கவும் கூடும். தங்கள் மகளின் ஆதார் எண் இப்போது எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் நுழைந்து அவரே பார்த்துக்கொள்ளலாம். அதைப் பார்த்துவிட்டு வங்கிக்குப் போவது நல்லது. ஆண்டுக்கு 50,000 ரூபாய் தரும் திட்டம் என்பதால், இதற்காக ஒரு நாள் வகுப்புக்கு விடுப்பு எடுப்பதில் தவறில்லை.

மதிப்பெண் சான்றிதழில் என் பெயருக்கு முன் இனிஷியல் மட்டும் இருக்கிறது. ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர் என் பெயருக்குப் பின்னால் வருகிறது. இதனால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுமா? (வியாசர்பாடி மாணவர்)

குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நம் வழக்கத்தை, நாடு முழுவதற்குமாக வடிவமைக்கப்பட்ட படிவங்கள் இன்னும் சரிவரப் புரிந்துகொள்ளவில்லை என்பதே என் கருத்து. தேசியக் கல்வி உதவித்தொகை இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு செய்யும்போது தங்கள் பெயர் ஆதாரில் உள்ளபடியே எடுத்துக்கொள்ளப்படும். அதைக் கல்லூரியில் சரிபார்ப்பவர், மதிப்பெண் சான்றிதழோடு ஒப்பிடுவார். இனிஷியலின் விரிவு தந்தையின் பெயரோடு பொருந்தினால், விவரம் அறிந்த பொறுப்பாசிரியர் அதை ஏற்றுக்கொள்வார். எழுத்துக்கூட்டல் மாறியிருந்தாலோ, தந்தையின் பெயரே வேறாக இருந்தாலோ சிக்கல்தான்.

திருத்த வேண்டிய நிலை வந்தால், மதிப்பெண் சான்றிதழைத் தொடாமல் ஆதாரைத் திருத்துங்கள். தேர்வுத்துறையில் பெயர் மாற்றுவது நீண்ட வேலை. மேலும் எதிர்காலத்தில் எழுதும் பல தேர்வுகளுக்கும் பள்ளிச் சான்றிதழே அடிப்படை. ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறை மட்டுமே திருத்த முடியும் என்பதால், எந்த வடிவம் வேண்டும் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்த பிறகே மையத்துக்குச் செல்லுங்கள். ஆதாரைத் திருத்திய கையோடு வங்கிக் கணக்கிலும் அதே வடிவத்தைக் கொண்டுவந்துவிடுங்கள்.

பாரதி மகளிர் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறேன். மத்திய அரசின் கல்லூரி மாணவர்களுக்கான உதவித்தொகையையும் வாங்கலாமா? (ராயபுரம் மாணவி)

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது தங்கள் கல்லூரியில்தான் என்பதை முதலில் மகிழ்ச்சியோடு நினைவுபடுத்துகிறேன். அத்திட்டத்தின் விதிகள், வேறு உதவித்தொகை பெறும் மாணவியையும் ஏற்றுக்கொள்கின்றன. தடை இருப்பது மறுபக்கத்தில். தாங்கள் குறிப்பிடும் மத்திய அரசுத் திட்டம், மாநில அரசின் உதவித்தொகை உள்ளிட்ட வேறெந்த உதவித்தொகையும் பெறாதவர்களுக்கே உரியது என்று தன் விதிகளில் கூறுகிறது.

இளநிலைப் பட்டப்படிப்பில் இரண்டுமே ஆண்டுக்கு 12,000 ரூபாய்தான் என்பதால், இப்போதைக்கு லாப நட்டம் ஏதுமில்லை. ஆனால் மத்திய அரசுத் திட்டத்தில் தேர்வானவர் முதுநிலைக்குச் சென்றால் அங்கே ஆண்டுக்கு 20,000 ரூபாய் தொடர்ந்து கிடைக்கும். எம்.எஸ்சி. படிப்பது உறுதியென்றால் அதை எண்ணிப் பார்க்கலாம். எதுவாயினும், ஒன்றை மறைத்து மற்றொன்றை வாங்காதீர்கள். ஆதார் எண் இரண்டிலும் ஒன்றே. கல்லூரியின் பொறுப்பாசிரியரிடம் நிலைமையை எழுத்தில் தெரிவித்து, அவர் சொல்வதை எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள்.

பி.எஸ்சி. கணினி அறிவியல் மாணவர்கள் இன்ஸ்பயர் உதவித்தொகை பெறலாமா? (கொருக்குப்பேட்டை வாசகர்)

இயலாது. ஆண்டுக்கு 80,000 ரூபாய் மதிப்புள்ள அத்திட்டம், இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல், புள்ளியியல் போன்ற அடிப்படை அறிவியல் பாடங்களுக்கானது. பொறியியலும் மருத்துவமும்கூட அதில் சேரா.

நான் காசிமேட்டில் விசைப்படகில் பங்குக்கு வேலை செய்கிறேன். வருமானம் நிலையில்லை. வருமானச் சான்றிதழில் என்ன தொகை எழுதச் சொல்வது? (காசிமேடு வாசகர்)

எழுதச் சொல்லும் தொகை என்று ஒன்று இல்லை. விசாரித்து எழுதுவது வருவாய்த்துறையின் வேலை. தங்கள் பங்கு, வலை வேலை, வீட்டில் மற்றவர்களின் சம்பாத்தியம் எல்லாவற்றையும் ஓராண்டுக்குக் கணக்கிட்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போகாததையும் சேர்த்துச் சொல்லுங்கள். நல்ல பாடு கிடைத்த ஒரு மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொல்லிவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் இருக்கிறார்கள்; பயந்துபோய் மிகக் குறைத்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். உச்சவரம்பு திட்டத்துக்குத் திட்டம் மாறும்: பட்டியல் சாதி மாணவர்களுக்கான, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய (போஸ்ட் மெட்ரிக்) கல்வி உதவித்தொகைக்கு 2.5 லட்சம், மேலே சொன்ன மத்திய அரசுத் திட்டத்துக்கு 4.5 லட்சம், பிரகதிக்கு 8 லட்சம் ரூபாய். உண்மையான தொகையே பெரும்பாலும் இவற்றுக்குள் அடங்கிவிடும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பதைக் கல்லூரிச் சேர்க்கை முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள். அந்த மாதங்களில்தான் வட்டாட்சியர் அலுவலகங்களில் விண்ணப்பங்கள் குவிகின்றன.

முதலாண்டில் உதவித்தொகை வந்தது. இரண்டாம் ஆண்டில் எதுவும் வரவில்லை. ஒரு பாடத்தில் அரியர் இருப்பதுதான் காரணமா? (பெரம்பூர் மாணவர்)

அரியரைவிட முக்கியமான ஒரு கேள்வி: புதுப்பித்தலுக்கு விண்ணப்பித்தீர்களா? ஒருமுறை தேர்வானால் படிப்பு முடியும்வரை பணம் தானாக வரும் என்பது மாணவர்களிடையே பரவலாக உள்ள தவறான நம்பிக்கை. ஒவ்வோர் ஆண்டும் அதே பதிவு எண்ணைக் கொண்டு புதுப்பித்தல் விண்ணப்பம் தர வேண்டும், கல்லூரி அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். கடைசித் தேதி தவறினால் அந்த ஆண்டின் தொகை போனது போனதுதான். கல்லூரி மாணவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகையைப் பொறுத்தவரை, ஆண்டுத் தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகைப்பதிவும் வேண்டும். பகுதிநேர வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலர் மதிப்பெண்ணில் தப்பித்து, வருகைப்பதிவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். வீட்டில் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். ஆராய்ச்சிக்குப் போனால் வருமானம் உண்டா? (எருக்கஞ்சேரி மாணவி)

உண்டு, அது வீட்டுக்கு எடுத்துச் சொல்லக்கூடிய அளவுக்கு இருக்கிறது. அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்று ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், முதுநிலை ஆய்வாளராக உயர்ந்த பின் 42,000 ரூபாயும், தகுதிக்கேற்ப வீட்டு வாடகைப்படியும் கிடைக்கின்றன. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை தொடக்கத்திலேயே மாதம் 70,000 ரூபாய் தருவது. ஆனால் அதற்கான போட்டி மிகக் கடுமை. கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய்.

அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தங்கள் பாடத்துக்கு அதைவிட அருகில் பொருத்தமான ஆய்வகம் அமைவது அரிது, வீட்டிலிருந்தே போய்வரவும் முடியும். நெட் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தப்படும் தேர்வு. எம்.எஸ்சி. இறுதியாண்டில் இருக்கும்போதே எழுதலாம் என்பதால், படிப்பு முடியும்வரை காத்திருக்காமல் அடுத்த அறிவிப்புக்கே விண்ணப்பியுங்கள். வீட்டில் ஓராண்டு அவகாசம் கேளுங்கள். அந்த ஓராண்டுக்குள் முடிவு தெரிந்துவிடும்.