பர்மாவில் தேயிலையைத் தின்பார்களாமே, வீட்டில் செய்ய முடியுமா?

தின்பார்கள். இங்கே யாங்கோனில் விருந்தாளிக்கு லப்பெத் (புளிக்கவைத்த தேயிலை) தட்டு வைக்காவிட்டால் குறைதான். பழத்தில் மாம்பழம், இறைச்சியில் பன்றி, இலையில் லப்பெத் என்பது பர்மியர் சொலவடை. (பன்றியை விட்டுவிட்டு லப்பெத்தை மட்டும் எடுத்துக்கொண்ட தமிழ் வீடுகள் நிறைய.)

டீ வடிகட்டிய சக்கையிலோ கடை டீத்தூளிலோ இது வராது. ஷான் மலையில், குறிப்பாக நம்சான் பக்கம், கொழுந்தைப் பறித்ததும் ஆவியில் வேகவைத்து, குழியிலோ மூங்கில் கூடையிலோ அமுக்கி, மேலே பாரம் ஏற்றி மாதக்கணக்கில் புளிக்கவிடுகிறார்கள். காற்றுப் புகுந்தால் பூஞ்சணம் பிடித்து மொத்தமும் வீண். ஆகவே புளித்த இலையை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு வேலை அதற்குப் பிறகுதான்.

4 பேருக்கு, எண்ணெய் சேராத வெறும் இலை 100 கிராம். வெதுவெதுப்பான நீரில் பிசைந்து அலசி, நீரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். ஓர் இலையைக் கடித்துப் பாருங்கள்: நாக்கைப் பிடிக்கும் கசப்பு போய் லேசான துவர்ப்பு மட்டும் மிஞ்ச வேண்டும். அதற்கு மேலும் அலசினால் வெறும் சக்கைதான். காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, துணியில் முடிந்து ஒட்டப் பிழியுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஈரம் நின்றால் எண்ணெய் இலையில் ஏறாது, சீக்கிரம் கெட்டும் போகும். பிறகு 3 மேசைக்கரண்டி கடலை எண்ணெய், நசுக்கிய பூண்டு 4 பல், பச்சை மிளகாய் 3, உப்பு சேர்த்துப் பிசறி ஓர் இரவு ஊறவிடுங்கள். எலுமிச்சை பரிமாறும்போதுதான்.

கூடவே மொறுமொறுப்பு வேண்டும்: வறுத்த வேர்க்கடலை, எள், இரவே ஊறவைத்து ஈரம் துடைத்துப் பொரித்த மொச்சை, பூண்டுச் சீவல். பூண்டை எண்ணெய் காய்வதற்கு முன்பே போட்டுச் சிறு தீயில் வையுங்கள். வெளிர் பொன்னிறத்திலேயே அரித்து எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் சூட்டில் கறுக்கும், கறுத்தால் கசக்கும். பொடித்த இறால் கருவாடும் சேர்ப்பார்கள், சைவமானால் விட்டுவிடலாம்.

தக்காளி, பொடியாக அரிந்த முட்டைக்கோஸோடு இலையைப் பிசைந்து, பொரித்ததைக் கடைசியில் கொட்டிக் கிளறி உடனே சாப்பிடுங்கள். பத்து நிமிடம் வைத்தால் நமுத்துப்போகும். அதனால்தான் விருந்துத் தட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனி அறையில் வைக்கிறார்கள்.

பொட்டலத்தில் வாங்கினால் நிறத்தைப் பாருங்கள். நல்ல இலை மங்கிய கரும்பச்சையாக இருக்கும். பளிச்சென்று மின்னினால் வேண்டாம். ஔரமைன் ஓ என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால் 2009இல் பல பிராண்டுகளை அரசு தடை செய்தது.

தேயிலையையே மென்று விழுங்குவதால் இலையில் இருக்கும் காஃபினும் உள்ளே போகும். விடியவிடியக் கூத்துப் பார்ப்பவர்கள் இதைக் கொறிப்பது தூக்கத்தை விரட்டத்தான். இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கரண்டிக்கு மேல் எடுக்காதீர்கள்.