அப்ரண்டிஸ் முடித்தால் பெர்மனன்ட் ஆகுமா?

கேள்வி: 2024-ல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். ஒரகடம் பக்கம் ஒரு பெரிய வாகனத் தொழிற்சாலையில் கிராஜுவேட் அப்ரண்டிஸாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. மாதம் 9,000 ரூபாய். முதல் இரண்டு வாரம் வகுப்பு நடந்தது. அப்புறம் அசெம்பிளி லைனில் நிறுத்திவிட்டார்கள். ஆள் வராத நாளில் அடுத்த ஷிஃப்டையும் பார்க்கச் சொல்கிறார்கள். மாமாவுக்குத் தெரிந்த ஒருவர், 80,000 கொடுத்தால் வருடக் கடைசியில் பெர்மனன்ட் ஆக்கித் தருகிறேன் என்கிறார். பத்தாயிரம் முன்பணமும் ஒரிஜினல் சர்டிஃபிகேட்களும் அவரிடம் இருக்கின்றன. மீதியைக் கொடுக்கலாமா? அல்லது பாதியில் விட்டுவிட்டு வேறு வேலை தேடலாமா?

பதில்: மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள் தம்பி. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இருபத்தெட்டு வருடம் தொழிற்சாலைப் பயிற்சி மையங்களில் இருந்தவன் நான். இந்த 'தெரிந்தவர்' எப்படிப் பிழைக்கிறார் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் பேட்சில் இருபது பேரிடம் பணம் வாங்குவார். உள்ளே அவருக்கு யாரையும் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. ஆண்டு முடிவில் கம்பெனி தன் தேவைக்கு இரண்டு மூன்று பேரை எப்படியும் எடுக்கும். அவர்கள் 'அண்ணன்தான் வாங்கித் தந்தார்' என்று ஊரெல்லாம் சொல்வார்கள், அடுத்த வருட வியாபாரத்துக்கு அதுவே விளம்பரம். மீதிப் பதினேழு பேருக்கு 'அடுத்த பேட்சில் பார்ப்போம்'. ரொம்பச் சத்தம் போடுகிறவருக்குப் பாதிப் பணம் திரும்பி வரும். ரசீது இல்லாததால் போலீசுக்கும் போக முடியாது, போனால் 'லஞ்சம் கொடுக்கத்தானே போனாய்?' என்ற கேள்வி முதலில் உங்களிடம்தான் வரும். உங்களைப் போன்ற பட்டதாரிகளைச் சேர்க்கும் நாட்ஸ் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் பதிவுக்கோ தேர்வுக்கோ கட்டணம் கிடையாது. திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. போன்ற பொதுத்துறைகளில்கூட இன்ஜினியரிங் அப்ரண்டிஸ் தேர்வு பெரும்பாலும் மதிப்பெண்ணை வைத்துத்தான். அங்கே புரோக்கர் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அவர்கள் பெயரைச் சொல்லித்தான் அதிகம் வசூலாகிறது.

சரி, பெர்மனன்ட் ஆகுமா? தானாக ஆகாது. 1961-ம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-வது பிரிவு நீங்கள் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல என்கிறது. பி.எஃப். பிடிக்காததும் இ.எஸ்.ஐ. கார்டு வராததும் அதனால்தான், கம்பெனி உங்களை ஏமாற்றுகிறது என்று அர்த்தமில்லை. பயிற்சியில் அடிபட்டால் மட்டும் இழப்பீடு தரும் பொறுப்பு கம்பெனிக்கு உண்டு. முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 22-வது பிரிவில் இல்லை. 2014 திருத்தத்துக்குப் பிறகு, முடித்தவர்களை எடுப்பதற்கு ஒவ்வொரு கம்பெனியும் சொந்தமாக ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. அந்தக் கொள்கை என்ன என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள், நான் கேட்ட இடங்களில் சிரித்தார்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. யாரும் கவனிக்காமல் கையெழுத்துப் போடும் இடம் அதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். உங்கள் ஒப்பந்தத்தில் 'பயிற்சி முடிந்ததும் இந்த நிறுவனத்திலேயே பணியாற்ற வேண்டும்' என்று ஒரு வரி இருந்தால், அது உங்களை மட்டும் கட்டும் கயிறு இல்லை. அதே 22-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, அப்படி எழுதி வாங்கிய கம்பெனி பொருத்தமான வேலை கொடுத்தாக வேண்டும் என்கிறது. பையன்கள் இந்த வரியைப் பார்த்து 'பாண்டு போட்டுவிட்டார்கள்' என்று பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியவர் ஹெச்.ஆர். மேனேஜர். அந்த வேலைக்கான சம்பளமும் காலமும் ஒப்பந்தத்தில் எழுதியபடி இருக்கும், நியாயமில்லாமல் இருந்தால் இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரியான அப்ரண்டிஸ் அட்வைசர் மாற்றலாம். ஆனால் வரி இருக்க வேண்டியது நாட்ஸ் போர்ட்டலில் பதிவான ஒப்பந்தத்தில். ஹெச்.ஆர். தனியாக வெள்ளைத்தாளில் வாங்கிய கையெழுத்தை இதே கணக்கில் சேர்க்க முடியாது. இன்றைக்கே போர்ட்டலில் நுழைந்து ஒப்பந்தத்தை எடுத்து, கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அப்படி ஒரு ஒப்பந்தமே அங்கே இல்லையென்றால் நீங்கள் அப்ரண்டிஸ்தானா என்பதே சந்தேகம். கான்ட்ராக்டர் மூலமாக 'டிரெயினி' என்று ஓட்டப்படுகிற ஆளாக இருக்கலாம், அது வேறு கதை.

1995-ல் உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை என்றது. அதைக் காட்டி 'கோர்ட்டே வேலை கொடுக்கச் சொல்லிவிட்டது' என்று வாட்ஸாப்பில் சுற்றும். முன்னுரிமை என்றால் ஆள் எடுக்கும்போது முன்னுரிமை, அவ்வளவுதான்.

லைன் விஷயத்துக்கு வருகிறேன். அட்வைசரின் அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓ.டி. பார்க்க வைக்கக் கூடாது. பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலை கொடுக்கக் கூடாது, உற்பத்தி எண்ணிக்கையை வைத்துப் பணம் கொடுக்கவும் கூடாது. மீறினால்? முன்பு சிறைத் தண்டனைகூட இருந்தது, 2014-ல் அதை எடுத்துவிட்டு ஒவ்வொரு மீறலுக்கும் ஆயிரம் ரூபாய் அபராதம் என்றார்கள். தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினாலும் அதே ஆயிரம்தான். புகாரைக் கேட்க வேண்டிய, மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சி வாரியத்தின் தென் மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி எல்லாம் அதன் எல்லை. உங்கள் லைனை யாரோ வந்து எட்டிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தால் வருடம் முடிந்துவிடும். வருடக் கடைசியில் பன்னிரண்டு மாதப் பயிற்சி ரெக்கார்டையும் ஒரே மத்தியானத்தில் ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. அதையும் யாரும் கேட்பதில்லை.

அதனால் ஹெச்.ஆருக்கு நீங்களே எழுதுங்கள். 'புகார்' என்று தலைப்புப் போடாதீர்கள், 'வேண்டுகோள்' போதும். மீதி ஐந்து மாதத்தில் குவாலிட்டி, மெயின்டனன்ஸ், டூல் ரூம் மூன்றிலும் சுழற்சி கேளுங்கள். இரட்டை ஷிஃப்ட் பார்த்த தேதிகளையும் கடைசியில் குறிப்பிடுங்கள். ஒரு நகலில் வரவு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் அந்த நகலோடு தரமணிக்குப் போகலாம்.

லைனில் நிற்கும் வரை அதையும் வீணாக்க வேண்டாம். நேர்காணலில் நான் அப்ரண்டிஸ் முடித்த பையன்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: 'நீ முடுக்கிய நட்டுக்கு டார்க், அதாவது முறுக்கு விசை, எவ்வளவு? ஏன் அவ்வளவு?' முக்கால்வாசிப் பேர் விழிப்பார்கள், ஒரு வருடம் தினமும் முடுக்கிய நட்டு. டார்க் ரெஞ்சைக் கடைசியாக எப்போது கேலிபரேட் செய்தார்கள் (அளவு சரிபார்த்தார்கள்), இன்று லைன் எத்தனை முறை நின்றது, எதனால் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். இதைச் சொல்லிக்கொடுக்க சூப்பர்வைசர் தேவையில்லை, லைனில் பத்து வருடம் நிற்கிற அண்ணன் போதும்.

பாதியில் விடுவதைப் பற்றி. கையில் வேறு வேலைக்கான ஆஃபர் லெட்டர் இல்லாமல் விடாதீர்கள். ஒருமுறை அப்ரண்டிஸாக இருந்துவிட்டால் இன்னொரு இடத்தில் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். முடித்தால் வாரியத்தின் சான்றிதழாவது மிஞ்சும். லெட்டர் வந்துவிட்டால் சொல்லாமல் நின்றுவிடாமல், ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரி அட்வைசருக்கு எழுத்தில் கொடுங்கள். பயிற்சிச் செலவு என்று ஏதாவது கட்ட வேண்டி வந்தால் தொகையைச் சொல்ல வேண்டியவர் அட்வைசர். ஹெச்.ஆர். வாயால் சொல்லும் லட்சக் கணக்குக்கு மதிப்பில்லை. உங்கள் 9,000 என்பது 2019 விதிகள் வைத்த குறைந்தபட்சத் தொகை. அதில் பாதி அரசுப் பங்கு, உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். அதில் யாராவது 'கமிஷன்' திருப்பிக் கேட்டால் அதையும் அட்வைசருக்கு எழுத்தில் கொடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு அந்த ஆளிடம் போங்கள். பத்தாயிரத்தைப் பற்றி முதலில் வாய் திறக்க வேண்டாம். 'கம்பெனியில் ஒரிஜினல் சரிபார்க்கிறார்கள்' என்று சொல்லி சர்டிஃபிகேட்களை முதலில் வாங்கி, எண்ணிப் பார்த்துப் பைக்குள் வையுங்கள். பணப் பேச்சை அதற்கு அப்புறம் மாமா ஆரம்பிக்கட்டும்.